கேட்டது நீதான்

இன்று காலை பழைய பதிப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். புதிய பதிப்பு வந்துவிட்டால் பழையதை எங்கள் மருத்துவமனை நூலகத்து அலமாரியில் வைத்திருக்கக் கூடாது. காலாவதியான மருந்தளவை நம்பி யாராவது ஓர் உயிரோடு விளையாடிவிடுவார்கள். கழித்துப்போட்ட குவியலில் வயிற்று நோய்களைப் பற்றிய அந்தத் தடித்த நீலப் புத்தகமும் இருந்தது. திறந்தால் இரைப்பைப் படத்தின் மேல் எண்ணெய்க் கறை, உன் விரல் பட்ட இடம். தைல வாசனை எப்போதோ போயிருக்கும். ஆனாலும் முகர்ந்து பார்த்தேன்.

அன்று செனாவாங் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் நூலகத்துக்கு வந்திருந்தாய். வயிற்றில் தேய்த்திருந்த தைலம் வாசல் வரைக்கும் மணந்தது. மருத்துவர்களும் பயிற்சி மாணவர்களும் மட்டுமே வந்துபோகும் அந்த இடத்துக்குள் நீ அதுவரை கால் வைத்ததில்லை. "ஐயோ, இவ்ளோ புக்கையும் நீயாடி தொடைக்கிற?" என்று கேலி செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"டாக்டர் எங்க வீட்டுக்காரருகிட்ட கார்சினோமான்னு சொன்னாரு. நான் திரைக்குப் பின்னாடி படுத்திருந்தேன், கேட்டுச்சு. இவரு என்னான்னா வெறும் கேஸ்ட்ரிக்லா, வயித்துப் புண்ணுதான், ஒண்ணுமில்லங்கிறாரு. ரெண்டும் ஒண்ணாடி?"

முந்தின நாள்தான் உன் வீட்டுக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் மனிதர், தொப்பியைக் கசக்கிக்கொண்டே, "தங்கச்சி, அவகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே ஒடஞ்சிருவா" என்றார். நம் ஆட்களின் வழக்கம்தானே இது. நோய் ஒருவருக்கு, சேதி மற்ற எல்லாருக்கும். நோயாளிக்குக் கஞ்சியும் திருநீறும் கொடுத்தால் போதும்.

நூலகர் புத்தகத்தை எடுத்துத் தரலாம், நோயை விளக்கக் கூடாது என்று எங்களுக்கும் ஒரு விதி உண்டு. மருத்துவரிடமே கேள் என்றேன்.

"கேட்டேன்டி. வீட்டுக்காரர வரச்சொல்லுங்கிறாரு. எல்லாரும் என்னைச் சின்னப்புள்ளயாட்டம் பாக்குறாங்க. நீயாவது சொல்லு."

ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தைக் காட்டி, "ரெண்டும் ஒண்ணில்லடி. இது புற்றுநோய்" என்றேன். நீ அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். அழவில்லை. "அதான பாத்தேன். அவரு பொய் சொன்னா காது செவந்துரும்டி" என்று சிரித்தாய். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "இப்பதான் மூச்சு விட முடியுது" என்றாய். அந்த வார்த்தையை நம்பி நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வார்டில் நடந்ததைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. கடைசி முறை உன்னைச் சேர்த்திருந்தபோது, கட்டிலருகே வந்த மருத்துவரிடம், "புற்றுநோய் எவ்ளோ தூரம் பரவியிருக்கு?" என்று நீயே கேட்டுவிட்டாய். உன் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மருத்துவர் நகர்ந்ததும், "யாரு சொன்னா?" என்றார். நான் கஞ்சி பிளாஸ்க்கோடு உன் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"அவளாத்தான் சொன்னா. நான் கேக்கவே இல்ல" என்றாய். என்னைப் பார்த்தாய். உடனே கண்ணை மூடிக்கொண்டாய்.

"அவ்ளோ கெஞ்சினேன்ல, தங்கச்சி" என்றார் அவர். "கஞ்சிய எடுத்துக்கிட்டுப் போங்க."

போனேன். நீ கண்ணைத் திறப்பாய் என்று கதவருகே நின்று பார்த்தேன். திறக்கவில்லை.

உன் சாவு வீட்டில் கூடாரத்து வாசலிலேயே உன் நாத்தனார் என்னை மறித்தாள். "சொல்லியே கொன்னுட்டு, இப்ப அரிசி போட வந்தியா?" உனக்கு வாய்க்கரிசி போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நம் தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வார்கள். படித்த திமிர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒருத்தியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டாளாம்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீயாகக் கேட்டாய் என்றால் அவர் பேச்சை நீ நம்பவில்லை என்றாகிவிடும். அந்த மனிதர் தினமும் சிரித்துச் சிரித்துச் சொன்ன பொய் ஒரு நாளும் பலிக்கவில்லை என்றாகிவிடும். அவர் மனம் நோகக் கூடாது. என் மனம் என்ன ஆனாலும் பரவாயில்லை, நான் தாங்கிக்கொள்வேன், அப்படித்தானே? வயிறு எரிகிறதடி எனக்கு.

போன வாரம் கோலா பிலா பாசாரில் ஒரு கீரைக்கடை முன்னால் அவரைப் பார்த்தேன். பாதியாக இளைத்துவிட்டார். என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்று நேரே வந்து நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா, அவ என்னை நம்பிக்கிட்டேதான போயிருப்பா?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டது அவள்தான் அண்ணே, உங்கள் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். இதைச் சொல்லியிருந்தால் என் மேல் விழுந்த பழி அந்தக் கீரைக்கடை முன்னாலேயே நீங்கியிருக்கும். அவர் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே. நம்பிக்கிட்டுத்தான் இருந்தா" என்றேன்.

"அப்புறம் ஏம்மா சொன்னீங்க?"

பதிலுக்கு நிற்காமல் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இன்று அந்த நீலப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கழிவுப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதற்கு? உன் பொய்யையே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்த மனிதர் இருக்கும்வரை அதை நான் காப்பாற்றியாக வேண்டும். காப்பாற்றுகிறேன். உன்னை மன்னிக்கத்தான் என்னால் முடியவில்லை.