போதும் என்ற பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவன் 'போதும்' என்று சொன்ன பிறகு விழுகிற அடிக்கு என்ன பெயர்? நேற்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை விசாரணைக் குழு இதையே வேறு வார்த்தைகளில் என்னிடம் கேட்கும்.

முதலில் உன் மகளைப் பற்றி. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது தோள்பட்டை எலும்பில் விரிசல், நெற்றியில் தையல். மாடிப்படியில் விழுந்ததாக உன்னிடம் போனில் சொன்னாளே, அது பொய். "அம்மாகிட்ட நீயும் அப்படியே சொல்லு சித்தி, இல்லன்னா அடுத்த வண்டியில வந்து நின்னுடும்" என்று என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அவள் ஏதோ ஆபீசில் இருக்கிறாள் என்று நீ சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாய். அது ஆபீஸ் இல்லை. முதுகலை இரண்டாம் ஆண்டு படிப்பவர்களில் சிலரை எங்கள் பல்கலைக்கழக வேலை வழிகாட்டு மையத்தில் பயிற்சி ஆலோசகர்களாக எடுக்கிறோம். எந்த வேலைக்குப் போவது, நேர்காணலில் ஏன் தோற்றோம் என்று குழம்பி வரும் மாணவர்களோடு இவர்கள் தனியறையில் உட்கார்ந்து பேசுவார்கள். பக்கத்து அறையில், ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், மாணவரின் சம்மதத்தோடு நான் உட்கார்ந்து கேட்பேன். சித்தி என்பதால் இவளுக்கு மதிப்பெண் போடுவது வேறொருவர். இந்தப் பயிற்சி முடிந்தால்தான் அவளுக்கு ஆலோசகர் சான்றிதழ். அதற்காக எவ்வளவு படித்தாள் என்று உனக்குத் தெரியும்.

நேற்று வந்தவனுக்கு எங்களுக்குள் 'நெட்டை' என்று பெயர். இறுதியாண்டுப் பொறியியல். அவன் போன நேர்காணல்களிலெல்லாம் கழித்துவிட்டார்கள். எங்களிடம் பலமுறை வந்திருக்கிறான், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எந்த வேலையைச் செய்தால் நேரம் போவதே தெரியாது என்று உன் மகள் கேட்டாள். நாங்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அவன் சிரித்தான். "நீ வேலை கத்துக்கறதுக்கு நான் வேலையில்லாம உக்காந்திருக்கணும். நல்லா இருக்கு உங்க ஏற்பாடு" என்றான். அதன் பிறகு பேச்சே இல்லை.

அங்கேதான் நாங்கள் இருவரும் தவறினோம். எதிரில் இருப்பவர் மௌனமானால் அதைக் கலைக்காதே, அவர் தன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தருவது. அவள் கலைக்கவில்லை. எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறாள் என்று கண்ணாடிக்குப் பின்னால் நான் பெருமைப்பட்டேன். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்ததைப் பார்த்தேன். அழப்போகிறான் என்று நினைத்தேன். எங்கள் படிப்பைப் படிக்காத யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள்.

மேசை அவள்மேல் கவிழ்ந்தது. அவள் எழுவதற்குள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அலமாரி மூலையில் மோதினான். என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் இரத்தம் தெறித்தது. உள்ளே பேசுவதை யாரும் குறுக்கிடக் கூடாதென்று அந்த அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி வரவேற்பு மேசையில். ஓடி எடுத்து வந்து, துவாரத்தில் நுழைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அலறல் கேட்டது. அது அவள் குரல் இல்லை.

கதவு திறந்தபோது அவன் தரையில் கிடந்தான். புத்தகங்கள் சாயாமல் முட்டுக்கொடுக்கும் இரும்புத் தகடு அவள் வலது கையில் இருந்தது. அவன் இரு கைகளாலும் தலையை மூடியிருந்தான். அவள் அந்தக் கைகளை அடித்துக்கொண்டிருந்தாள். விரல் எலும்பு முறியும் சத்தம் அவ்வளவு சின்னது என்று எனக்கு இதுவரை தெரியாது. "போதும், போதும்" என்றான். தெளிவாகக் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். இன்னும் வீங்கியிருக்கிறது, கையெழுத்து கோணுவதற்கு அதுதான் காரணம்.

அந்தச் சொல்லை அவள் முதலில் எந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. நீ சொன்ன பிறகும் அத்தானின் அடி நின்றதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவனுடைய அப்பா வந்தார். கையில் கட்டோடு படுத்திருந்தவனை, "ஒரு பொண்ணுகிட்ட அடி வாங்கிட்டு வந்து படுத்திருக்கியாடா" என்று கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தார். காவலாளிகள் வந்து வெளியே இழுத்துப் போனார்கள். பையன் கண்ணைக்கூட மூடிக்கொள்ளவில்லை. பழகியவன்.

எங்கள் மைய இயக்குநர் மாலையில் என் அறைக்கு வந்தார். "நீங்க உள்ள போனப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது, அவ்வளவுதானே மேடம்? வேற மாதிரி போச்சுன்னா பயிற்சி இடத்தையெல்லாம் மூடிடுவாங்க, பாத்துக்குங்க" என்றார். அவர் தலைக்கு மேல் சுவரில், 'இங்கே நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்ற படம். அதை மாட்டிய நாளிலிருந்தே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நான் கண்டதைச் சொன்னால் அவளுக்கு அந்த ஆலோசகர் நாற்காலி இனி இல்லை. சொல்லாவிட்டால், நாளைக்கு இன்னொருவன் உடைந்துபோய் அவள் எதிரில் உட்காரும்போது, அவள் கை என்ன செய்யும் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவளிடம் இதைப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அவள் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொறுத்துப் போயிருக்கலாமே என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. நீ பொறுத்துப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவள் நன்றாக இருக்க வேண்டும் அக்கா. நீயும்.

உன் தங்கை

மறுநாள் மாலை

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

குழு என்னை முதலில் கேட்டது. அவன் போதும் என்றான், அதன் பிறகும் அடித்தாள் என்றேன். இயக்குநர் பேனாவை மூடிப் பையில் செருகினார். உன் மகள் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு பையனைக் கேட்டார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். நான் எதுக்குக் கெஞ்சணும்?" என்றான். அவன் அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

பதற்றத்தில் உங்களுக்குத் தவறாகக் கேட்டிருக்கலாம் இல்லையா என்று குழுத் தலைவர் என்னிடம் கனிவாகக் கேட்டார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. யாரும் பேசவில்லை. நான் அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை.

"சொன்னான்" என்றாள் உன் மகள். "எனக்குக் கேட்டுச்சு. கேட்டதுக்கு அப்புறமும் அடிச்சேன்."

அவனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். அவளுடைய பயிற்சி இடத்தை ரத்து செய்தார்கள். வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "மருந்து போட்டியா சித்தி?" என்றாள்.

இன்றைய வண்டியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.