செருப்புக்கு வைத்திருந்த தோல்

தம்பி,

அன்றைக்கு அந்த லாரி ஷெட்டு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். நீ. நான். வண்டியை விற்ற ஷெட்டுக்காரர் ஏகாம்பரம். உன்னோடு ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை செய்த மஜீத் பாய். எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்த என் மாமியார் தனகோட்டி. ஆறாவது ஆள் உன் மாமா, எனக்குத் தாலி கட்டியவர். அவர் பெயரை நான் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோதுகூட, "நம்ம ஊர்ல படுத்துனு இருக்கற சாமி பேருதான்" என்று சொல்லித்தான் எழுத வைத்தேன். பள்ளிகொண்டாவிலேயே இருந்துகொண்டு அந்தக் கோயிலைக்கூட சாமி பெயர் சொல்லிச் சொல்ல முடியாமல், "பெரிய கோயில்" என்றே என் காலம் போயிற்று. "சாமியையே உன் வாயில வரவுடாம பண்ணிட்டாரே மாமா" என்று நீ சிரிப்பாய்.

இரண்டு நாளாக இங்கே மழை. பரண் ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் துணிகளை எடுத்து உதறினேன். அடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததும் நனைந்திருந்தது. பிரிப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஆவாரம்பட்டை, புங்க எண்ணெய், அதற்கும் கீழே லேசாகப் பெட்ரோல். "பெட்ரோல் வாசனை உனக்குத்தான் வருது ஆயா, எனக்கு வரல" என்கிறாள் பேத்தி. இருக்கட்டும். அவளுக்கு எப்படி வரும்?

உன் மோட்டார் சைக்கிளின் சீட்டுத் தோல்தான் அது.

நீ வண்டி கேட்டது ஷோக்குக்காக இல்லை. ஊரில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் ஆம்பூருக்குத் துணி எடுக்க நானும் உன்னோடு பஸ் ஏறினேன். நீ விடியலில் சீயக்காய் போட்டுக் குளித்து, துவைத்த சட்டை போட்டிருந்தாய். எனக்கு முன்னால் இடம் கிடைத்தது. நீ நடுவில் ஒரு சீட்டில் உட்காரப் போனாய். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "யோவ் தோலு! பின்னாடி போய் நில்லுய்யா. பொம்பளைங்க ஒக்காந்துனு கீறாங்க, நாத்தம் தாங்கல." பஸ்ஸில் நான்கு பேர் சிரித்தார்கள். நீ என் பக்கம் பார்க்காமல் பின்னால் போனாய். என்னை யாரும் உன்னோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தாய். நானும் வாய் திறக்கவில்லை. அவன் என் தம்பி என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அகரம்சேரி போயிற்று, மாதனூர் போயிற்று, ஆம்பூரே வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விடியலில் ஆம்பூர் போகிற அந்த முதல் பஸ், நிறுத்தத்தில் உங்கள் கம்பெனி ஆட்கள் மட்டும் நின்றால் நிற்காமலே போக ஆரம்பித்தது. நீ மூன்று தடவை லேட்டாகப் போனாய். இன்னொரு தடவை லேட்டானால் தோலைத் தரம் பிரிக்கிற மேஜையிலிருந்து எடுத்து மறுபடியும் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிக்கே அனுப்பிவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்தக் குழி நம் அப்பாவின் கால்களை என்ன செய்தது என்று நாம் இரண்டு பேரும் பார்த்தவர்கள். முழங்காலுக்குக் கீழே தோல் நிற்காமல், ஈ ஓட்டிக்கொண்டே செத்தார். நீ எட்டு வருஷம் குழியில் நின்று, அப்புறம்தான் அந்த மேஜைக்கு ஏறினாய். உனக்கென்று கம்பெனியில் ஒரு முத்திரை கொடுத்தார்கள். வட்டத்துக்குள் ஏழு. நீ பார்த்து "நல்லது" என்று சொன்ன தோலின் உள்பக்கத்தில், ஓரமாக அதைக் குத்துவாய். முத்திரை கிடைத்த அன்று மையை உன் உள்ளங்கையில் குத்திக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாய். "அக்கா, நானும் நல்ல சரக்குதான், பாரு."

உன் மாமா அந்த நேரத்தில்தான் செய்தி கொண்டுவந்தார். அவர் ஏகாம்பரத்தின் ஷெட்டில் பிட்டர். இரும்பு பற்றவைக்கிற வேலை தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். "எங்க ஷெட்டுல ஒரு வண்டி கீது. சின்னது. நாலு கை மாறினதுதான், ஆனா ஓட்டம் நல்லா கீது. நம்ம பையனுக்குன்னா சல்லிசா தருவாரு" என்றார். அடுப்படியில் நான் தனியாகக் கேட்டேன், நல்ல வண்டிதானா என்று. "உன் தம்பிக்கு நான் கெட்டது செய்வனா?" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஷெட்டுக்குப் போனோம். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பச்சைப் பெயிண்ட் அடித்த டாங்கி, ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். ஊரில் அதைப் பட்பட்டி என்பார்கள், அது போடுகிற சத்தத்துக்காக. மஜீத் பாய் குனிந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கவையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா தோஸ்த், இந்த எடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா கீது?"

நீ பதில் சொல்வதற்குள் உன் மாமா சொன்னார். "மழைக்குத் துருப் புடிக்குமேன்னு அடிச்சிருக்கு பாய். இன்னா, வண்டி வாங்க வந்தீங்களா, பெயிண்ட் வாங்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நீ கவையைப் பார்க்கவே இல்லை. உன் கை நேராக சீட்டுக்குத்தான் போயிற்று. கட்டைவிரலால் அழுத்தினாய். ஓரத்தை லேசாகக் கிள்ளி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாய். பிறகு குனிந்து முகர்ந்தாய். இஞ்சினைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. தோலைப் பற்றித் தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளந்துவிட்டாய், தம்பி.

"பாய், இந்தத் தோலப் பாருங்க. எண்ணெய் உட்டு எப்டி வெச்சிருக்கான். சீட்டையே இப்டிப் பாத்துக்கறவன் இஞ்சினச் சும்மா உட்டுருப்பானா?" என்றாய். அப்புறம், "நம்ம டேபிள்ள வந்த சரக்கு மாதிரி கீது" என்றும் சொன்னாய். மஜீத் பாய் இன்னொரு தடவை கவையைப் பார்த்தார். அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

விலையை உன் சார்பில் உன் மாமாதான் பேசினார். அவரும் ஏகாம்பரமும் துண்டுக்குள் கைகளை விட்டு, விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னா மாமா, மாடா வாங்கறோம்?" என்று நீ கேலி செய்தாய். விலை முடிந்த பிறகும் அந்தத் துண்டு கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. விரல்கள் வேறு என்ன பேசினவோ.

என் மாமியார் நான்கு பழம் கொண்டுவந்தவள் இரண்டைத்தான் சக்கரத்துக்கு வைத்தாள். "ரெண்டு சக்கரத்துக்கு நாலு எதுக்கு? மீதி ஊறுகாய்க்கு ஆவும்" என்று திரும்பவும் மடியில் கட்டிக்கொண்டாள்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மூன்று மாதம் நீ ராஜா மாதிரி போனாய். காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு விடியலில் கிளம்புவாய். பெங்களூர் ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே அந்தச் சத்தம் போய்த் தேய்கிற வரைக்கும் நான் வாசல் தெளிக்காமல் நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்து அகரம்சேரி வரைக்கும் ஓட்டினாய். நான் பயத்தில் கத்தினேன். "கத்தாத அக்கா, சீட்டக் கெட்டியாப் புடிச்சிக்கோ. அந்தத் தோலு உன்ன உடாது" என்றாய். வழியில் அந்த பஸ் நின்றிருந்தது. வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டே அதைத் தாண்டினாய். கண்டக்டர் எட்டிப் பார்த்தான். நான் சிரித்தேன் பார், அப்படி நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் இல்லை.

கார்த்திகை பிறந்து ஐந்தாம் நாள். மாதனூருக்கு இந்தப் பக்கம், சின்னப் பாலத்தின் மேல் ஒரு பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கியதும் கவை முறிந்தது. சரியாக அந்தப் புதுப் பெயிண்ட் அடித்த இடத்தில். பின்னால் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரன் நிறுத்தப் பார்த்தானாம். ரோடு ஈரம். இந்தச் செய்தியை மஜீத் பாய் வந்து சொன்னார். சொன்னார் என்பது சரியில்லை. வாசலில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். நான் புரிந்துகொண்டேன். உனக்கு இருபத்து நான்கு.

இரும்பையெல்லாம் ஏகாம்பரம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். உன் சாப்பாட்டுத் தூக்கையும் அந்த சீட்டையும் மட்டும் மஜீத் பாய் கேட்டு வாங்கி வந்து, "தங்கச்சி, இது ரெண்டும்தான்" என்று கொடுத்தார். சீட்டைக் கிணற்றடியில் வைத்தேன். யாரும் தொடவில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தன்று நல்ல மழை. பாத்திரம் கழுவப் போனவள் பார்த்தேன். அவசரத்தில் தைத்த தையல் போலிருக்கிறது, நூல் இற்றுப்போய் ஒரு பக்கம் பிரிந்து, தோல் மடங்கிக் கிடந்தது. உள்பக்கம் தெரிந்தது.

வட்டத்துக்குள் ஏழு.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. உன் கையே அங்கே இருப்பது மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக ஞாபகம் வந்தது. அந்த வருஷப் பொங்கலுக்கு நீ கம்பெனியில் சொல்லி ஒரு துண்டுத் தோல் கொண்டுவந்தாயே. "அக்கா, உன் கால் வெடிப்புக்கு நல்லா மெத்துன்னு செருப்பு தெச்சுக்கோ. ஏழாம் நம்பர் சரக்கு" என்று என் மடியில் போட்டாயே. அதை நான் உன் மாமாவிடம்தான் கொடுத்தேன், தைக்கிறவரிடம் கொடுக்கச் சொல்லி. கேட்கும்போதெல்லாம், "அந்தாளுக்கு வேலை ஜாஸ்தி, தருவான்" என்றார். நானும் மறந்துவிட்டேன்.

உன் கண் எங்கே போகும் என்று தெரிந்தவர், தம்பி. கவையைப் பற்றவைத்ததும் அவர் கைதான், பெயிண்ட் அடித்ததும் அவர் கைதான், கிழிந்த சீட்டின் மேல் என் செருப்புத் தோலை இழுத்துத் தைத்ததும் அவர் கைதான். உன் முத்திரையை உள்ளே மறைத்து, உன் சரக்கையே உனக்குக் காட்டினார். அன்றைக்கு நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனதும் அதைத்தான்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தோலை உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பத்த வெச்சது நிக்கும்னுதான் நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொழம்பு ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.

தை மாதம் ஏகாம்பரம் அவரை லாரிக்கு டிரைவராகப் போட்டார். இரண்டு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஊரில் விவரம் தெரிந்த ஒருவனும் வாங்காத வண்டியைத் தள்ளிவிட்டதற்குக் கிடைத்தது அது. அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தச் சோற்றை நானும்தான் தின்றேன். போக வேறு இடம் இல்லை. அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. முப்பத்தொரு வருஷம் அவருக்குச் சோறு போட்டேன், வேட்டி துவைத்தேன், காய்ச்சலில் கால் பிடித்தேன். தோலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் தோல் செருப்பு மட்டும் நான் போட்டதில்லை. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் திட்டினார் என்று ரப்பர் செருப்பு போடுகிறேன்.

மற்றவர்களை விட்டுவிட்டேன். கண்டக்டரையும்கூட. மஜீத் பாய் வீட்டு நோன்புக் கஞ்சியை நான்கு வருஷம் வாங்காமல் திருப்பி அனுப்பினேன், சந்தேகப்பட்டவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று. ஐந்தாவது வருஷம் அவர் மனைவி தூக்கோடு வந்து வாசலிலேயே நின்றாள். வாங்கிக்கொண்டேன். இரண்டு பழத்தை மிச்சம் பிடித்த என் மாமியாரோடு பேச்சை விட்டேன். அவள் படுக்கையில் விழுந்தபோது நான்தான் கழுவினேன், அதோடு சரி. ஏகாம்பரம் விற்கிறவர். அவர் எனக்கு யாரும் இல்லை. அந்த பஸ்ஸில் வாய் திறக்காமல் இருந்தாளே ஒருத்தி, அவளை நீதான் பார்த்து ஏதாவது செய்யவேண்டும். அது என் கையில் இல்லை.

தோலைத் துடைத்து நிழலில் காய வைத்திருக்கிறேன். புங்க எண்ணெய் தடவினால் இன்னும் வளைகிறது. முத்திரை கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனாலும் ஏழு என்று படிக்கலாம். நான் போகும்போது என்னோடு சேர்த்து இதையும் போடச் சொல்லிப் பேத்தியிடம் சொல்லிவிட்டேன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எத்தனையோ நாள் தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். இப்போது குறைய அவருக்கு ஆயுசு இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், நீ படித்துக்கொள்.

ரங்கநாதன்.