மத்தியானம் திருப்பிய கை

மீன்சுருட்டி
ஆடி மாதம், 1983

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அரியலூரில் நீங்கள் தனியாகத் தங்கியிருக்கும் அறையில், கடைக்காரர் சோதித்துப் பார்க்கக் கொடுத்த கரண்டுப் பெட்டி நன்றாகக் குஞ்சு பொரித்ததாக எழுதியிருந்தீர்கள். ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லையாமே. சந்தோஷம். அதையே வாங்கலாமா, மண்ணெண்ணெய் விளக்கு வைத்த பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அடைக்கோழின்னா முட்டைய மூக்காலயே உருட்டி வுடும். பெட்டிக்கு மூக்கு ஏது?" என்றார்கள். மூன்று வேளையும் கையால் திருப்பிப் போட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய தாளில் இருப்பதைச் சொன்னேன்.

"அவந்தான் விடிஞ்சா ஆலைக்குப் போயி பொழுது சாஞ்சு வரானே. மத்தியானம் யாரு திருப்புனது?"

கேட்டபிறகு அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய், இடியில் முட்டை கெட்டுவிடுமென்று அடைக்கூடையில் போட்டிருந்த இரும்புத் துண்டைச் சரிசெய்தார்கள். அது சரியாகத்தான் இருந்தது.

இங்கே நல்ல மழை. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது.

பெட்டி எதையும் இப்போது வாங்கிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் அரியலூர் வருகிறேன். எனக்காக நீங்கள் லீவு போட வேண்டாம், வழக்கம்போல வேலைக்குப் போங்கள். எந்தப் பெட்டி நல்லது என்று, கதவைத் திறக்கிறவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன்சுருட்டி வீட்டில் இருக்கும்
உங்கள் மனைவி