பதிவேட்டில் என் அம்மா

வெள்ளி இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இன்று பேசியதற்கே பயமாக இருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ராமேசுவரம் ரோட்டு இறால் கம்பெனி முதலாளி வந்திருந்தார். "இலங்கையிலேர்ந்து வந்தவுகளத் திருப்பி அனுப்பணும். எங் கம்பெனியில ஒரு வெளியாள் கிடையாது. அத்தனையும் நம்மூர்ப் பொம்பளைக," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து கட்டுரைப் போட்டிப் பரிசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினார். "அம்மா என்ன செய்றாக தாயி?"

மைக்கை வாங்கினேன். உள்ளதைச் சொன்னேன். "உங்க கம்பெனியிலதான் இறால் உரிக்கிறாங்க, ஐயா. நாங்க அகதி முகாம். உங்க பதிவேட்டுல மட்டும் அம்மாவ உள்ளூர்க்காரியாக்கி, முத்துலட்சுமின்னு எழுதியிருக்கீங்க."

அவர் சிரித்தார். "பரிசு கட்டுரைக்கா, நாடகத்துக்கா?"

தலைமையாசிரியை மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார். அம்மா அழுதாள். "ஏன் பிள்ளை வாயைத் திறந்தனி? நாளைக்குக் கம்பெனி வேன் வராட்டி என்ன செய்யிறது?" கொஞ்ச நேரம் கழித்து அவளே, "எண்டாலும் அந்தாளின்ர முகத்தை நானும் பாத்திருக்கோணும்," என்றாள்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதுவரை ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: என் அம்மாவின் பெயர் சுகந்தி. மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கம்பெனி சூப்பர்வைசர் குரல். "முத்துலட்சுமி" என்று கூப்பிடுகிறார். அம்மா எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அதே பெயர்—