ஒரு பாசிக்கு ஒரு பிளேடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி ஏறாதே என்றால் கேட்கிறவளா அவள். மேல்வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் பாசி பிடித்துக் கிடக்கிறது, ஆய்வக வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீர்களா என்று கேலி செய்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் நீ போனில் அழுததை அம்மா சொன்னாள். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வருஷம் பாடுபட்டுப் பாசியில் ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்து வெட்டி எடுத்து, அந்தப் பாசியைத்தான் நீ அங்கே கொண்டுபோனாய். அதில் மொட்டே வரக்கூடாது, வெறும் இழையாகவே படர வேண்டும். இப்போது பாசி வளர்க்கும் தட்டுகளில் பாதியில் மொட்டு விட்டு இலையாக நிற்கிறது, நீ வெட்டியதே தப்பு என்கிறார் உன் பேராசிரியர், இந்த மாதம் இருபதாம் தேதி கூட்டத்துக்கு முன்னால் நீயே விலகிக்கொள்ளப் போகிறாய் என்றாள். "நான் இந்த வேலைக்கு லாயக்கில்லம்மா" என்று நீ சொன்னாயாமே. அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தப்பு உன்னுடையதில்லை கண்ணு, என்னுடையது.

நீ கிளம்பிய அன்று வாசலில் டாக்சி நின்றது, உனக்குப் புதுத் தட்டு போட்டுத் தர அவசரமாக உன் பாசியை ஆய்வக மிக்ஸியில் அரைத்தேன். அதற்குச் சற்று முன்புதான் அதே மிக்ஸியில் மரபணு வெட்டாத சாதாரணப் பாசியை அரைத்திருந்தேன். கிருமி நீக்கிய மாற்றுப் பிளேடு கை தவறிக் கீழே விழுந்துவிட்டது, இன்னொன்று தயாராக ஒரு மணி நேரம் ஆகும். பழைய பிளேடையே ஸ்பிரிட்டில் துடைத்துப் போட்டேன், அடியில் இருந்த திருகைக் கழற்றித் துடைக்கவில்லை. அங்கே பாசித் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அதுவே முழுச் செடியாகிவிடும் என்பது உனக்குத் தெரியாததில்லை, அதிலும் சாதாரணப் பாசி உன்னுடையதைவிட வேகமாக வளரும். ஒரு பாசிக்கு ஒரு பிளேடு என்று பாசி அறைச் சுவரில் எழுதி ஒட்டியவனே நான்தான்.

நீ கிளம்புவதற்கு முன்பே போட்டுக் குளிர் அறையில் வைத்திருந்த உன் பழைய தட்டை எடுத்து மூன்று வாரம் வளர்த்துப் பார்த்தேன். ஒரு மொட்டுகூட இல்லை, நீ வெட்டியது சரிதான். உறுதியானபின் சொல்லலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாரமும் வாயைத் திறக்கவில்லை, உண்மையில் அது பயம். நேற்று ஆய்வகத் தலைவரிடம் சொல்லி எழுத்திலும் கொடுத்தேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்க, பாசி அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைச் சாமான் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். அம்மா என் டிபன் பாக்ஸை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பார்சலில் அந்தப் பழைய தட்டிலிருந்து எடுத்த பாசி இருக்கிறது. உன் தட்டுகளில் மொட்டு விட்டதையும் விடாததையும் தனித்தனியாக எடுத்து மரபணுவைச் சோதித்துப் பார், மொட்டு விட்டதில் அந்த மரபணு வெட்டுப்படாமல் இருக்கும். விலகல் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போடு. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், நேரத்துக்குத் தூங்கு. ஒன்றே ஒன்று மறக்காதே. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று இந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிடாதே, கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டு. அதற்காகத்தான் உன் அம்மாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நேற்று வரை பாசி அறைப் பொறுப்பாளன்