மாதம் சொல்லாத புத்தகம்

சாரல் தொடங்கினால் உன் புத்தகம் நாற ஆரம்பித்துவிடும். பூஞ்சை வாடை, அதற்கடியில் மெல்லிய உப்பு. கரையில் நீ நிறுத்திவிட்டுப் போன காரிலிருந்து எடுத்த கயாக் வழிகாட்டி அது, சின்னத் துடுப்புப் படகில் போகிறவர்களுக்கானது. வருடாவருடம் துடைத்து வைக்கிறேன். எழுதினவனை வருடாவருடம் திட்டவும் செய்கிறேன்.

புத்தகங்களை நாம் விசாரித்த விதம் நினைவிருக்கிறதா? ஐந்தருவியில் குளித்து, தலை ஈரத்தோடு மிளகாய் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்து, எந்தக் கடற்கரை வழிகாட்டி வந்தாலும் முதலில், போகிற வழியில் பார்க்கச் சொல்லும் குற்றாலம் பக்கத்தைத்தான் புரட்டுவாய். "நம்ம ஊரத் தப்பா எழுதினவன் கடல மட்டும் சரியா எழுதிருவானாக்கும்?" ஒருவன் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் புளியறையைக் கேரளத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். "செக்போஸ்ட் எங்கன இருக்குன்னு தெரியாதவன்லாம் கடலுக்கு வழி சொல்லுதான்" என்று அந்தப் புத்தகத்திலேயே பஜ்ஜி எண்ணெயைத் துடைத்தாய்.

கடைசியாக வந்த இந்தப் புத்தகம் தேறிவிட்டது. சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களால் ஐந்தருவிப் பாறை வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கள் என்று எழுதியிருந்தான். நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். "லே, இவன் விழுந்து எந்திரிச்சவன்டே. நம்பலாம்."

நம்பினாய். திருச்செந்தூருக்குத் தெற்கே கரையோரம் அலையே இருக்காது, புதியவர்களும் துடுப்புப் போடலாம் என்று அதில் இருந்தது. ஆடி மாதம் தனியாகப் போனாய். நான் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போனில் கூப்பிட்டாய். "ஏலே, தண்ணி கண்ணாடி கணக்கா கெடக்கு. புக்குல போட்டிருக்கது அப்படியே இருக்குடே. நீ பாயசத்தக் குடி."

வேறொரு நாள் போகலாம், நீயும் வா என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. கயாக் கிடைத்தது. நீயும் கிடைத்தாய், கரையிலிருந்து வெகுதூரத்தில். உன்னைக் கிடத்தியிருந்த துட்டி வீட்டில் உன் தம்பி, "புத்தகத்தப் படிச்சிட்டுக் கடலுக்குப் போன கிறுக்கன்" என்றான். அவனோடு இன்றுவரை எனக்குப் பேச்சில்லை. பதிப்பகத்துக்குக் காரமாக எழுதினேன். ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுதியது என்று பதில் வந்தது. பொய்யர்கள் என்று கிழித்துப் போட்டேன்.

போன வாரம் உன் மகள் வந்தாள். அவளும் இப்போது துடுப்புப் போடுகிறாள். நண்பர்களோடு அதே கரைக்குப் போகிறாளாம், இந்த ஆடியிலேயே.

"அப்பா புத்தகத்தத் தாங்க மாமா."

"அது பொய்ப் புத்தகம். எரிக்காம வச்சிருக்கதே தப்பு."

"எரிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சிருதேன்."

உன் வாய் அப்படியே. ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். காபி ஆறிப்போனது. பிறகு கேட்டாள்: "மாமா, குற்றாலத்துக்குச் சாரல் காலம்னு போட்டிருக்கார். கடலுக்கு மாசமே போடலையே? அங்க எப்பப் போனாராம்?"

புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். படத்தில் படகுக்குப் பின்னால் கரையெல்லாம் மாசி மகத் தீர்த்தவாரிக் கூட்டம். குற்றாலத்தை ஆடியில் பார்த்தவன், கடலை மாசியில் பார்த்திருக்கிறான். இரண்டையும் உண்மையாகத்தான் எழுதியிருக்கிறான். இத்தனை வருடம் நான் வைத வசவெல்லாம் எங்கே போய் விழுந்ததோ.

அப்போது மேற்கே புளியறைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடித்து ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அவள் எழுந்து அதைத் திறந்து, ஈர முகத்தோடு அப்படியே நின்றாள்.

"இந்தக் காத்துதான் நேரா அங்க போவுதா மாமா?"

"ஆமா."

"நிலத்துலருந்து அடிச்சா கரைப்பக்கம் அலை எந்திரிக்காது. கண்ணாடி மாதிரிதான் இருக்கும். உள்ள போனவன திரும்ப விடாம வெளிய தள்ளிட்டே போயிரும்." ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிவிட்டு, "நாங்க இந்தக் காத்து இல்லாத மாசிலயே போறோம். நீங்களும் வாங்க" என்றாள்.

நீ சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். வருகிறேன் என்றேன்.

புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். அலமாரியில் வாடை மட்டும் மிச்சம். வெளியே ஊரே சாரலடிக்கிறது என்று குடையை மடக்கிவிட்டு நனைகிறது. எனக்கு மட்டும் அந்தக் காற்று முகத்தில் நிற்பதில்லை. கிழக்கே, உன்னைத் தள்ளிக்கொண்டு போன தண்ணீர்வரை அதன் பின்னாலேயே போய்விட்டுத்தான் திரும்புகிறேன்.