உறை எண் 143

சென்னை,
4-2-1988

அன்புள்ள முனிராஜ்,

இங்கே நானும் மிக்கேலம்மாளும் நலம். காவேரியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? பொங்கலுக்கு ஒரு அட்டைகூடப் போடாதவனுக்கு நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஆராய்ச்சி மாணவர்களாக நாம் இருவரும் தருமபுரி மாவட்டம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த காளான்கள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. அறுநூறு உறைகள், பாதியில் பூச்சி விழுந்துவிட்டது. ஒவ்வொன்றாக உலர்த்தி, புது உறைக்கு மாற்றி, அந்துருண்டை போட்டு அடுக்குகிறேன். எங்கள் துறைக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் வந்திருக்கிறது. உறையின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள பெயர், ஊர், தேதி, குறிப்பு எல்லாவற்றையும் அதில் ஏற்றவேண்டும். ஒரு விரலால் தட்டித் தட்டிக் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

ஒரு சந்தேகம். உறை எண் 143, அரூர்ப் பக்கம், ஜூலை 1979. சீட்டு உன் கையெழுத்து. 'வெள்ளைத் தூள். உண்ணத்தக்கது. ஊரார் உண்கின்றனர்' என்று இருக்கிறது. ஆனால் காளானின் தொப்பியைக் கவிழ்த்து வைத்து அதன் வித்துத் தூளை இறக்கிய தாள் உள்ளே மடித்து வைத்திருக்கிறது. அதில் தூள் பச்சையாக இருக்கிறது. பச்சைத் தூள் உதிர்க்கும் வெள்ளைக் காளான் விஷம் என்பது நமக்குப் பாலபாடம். வேறு உறையின் தாள் இதில் வந்துவிட்டதா?

அன்புடன்,
அருள்நாதன்


அரூர்,
15-2-1988

அன்புள்ள அருள்,

எல்லோரும் நலம். பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு நடப்பதால் தலை நிமிர நேரமில்லை. தாள் மாறித்தான் போயிருக்கும். சீட்டில் உள்ளபடியே ஏற்றிவிடு. மிக்கேலம்மாளைக் கேட்டதாகச் சொல்.

முனிராஜ்


சென்னை,
1-3-1988

அன்புள்ள முனிராஜ்,

நீ எழுதினால் கார்டில் ஓரம்கூட மிச்சம் இருக்காது. இந்தமுறை நாலு வரியோடு முடித்துவிட்டாய். காவேரிக்கு உடம்புக்கு ஏதாவதா?

தாள் மாறவில்லை. அதன் ஓரத்தில் உன் கையாலேயே 143 என்று எழுதியிருக்கிறாய்.

இதை நான் விட முடியாது. கம்ப்யூட்டரில் 'உண்ணத்தக்கது' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தக் குறிப்புள்ள உறைகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த வரிசையை வைத்து விவசாயிகளுக்கு ஒரு சிறு புத்தகம் போடப் போகிறார்கள். ஒன்பது வருஷமாக உறைக்குள் கிடந்த உன் சீட்டை இனி ஊர் ஊராகப் படிப்பார்கள்.

எதுவானாலும் எழுது. உன்னை எனக்குத் தெரியும்.

அருள்


அரூர்,
12-3-1988

அருள்,

என்னை உனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

அந்த ஜூலையில் சித்தேரி மலையடிவாரத்தில் கோவிந்தன் வீட்டில் தங்கியிருந்தோம். உனக்குக் காய்ச்சல் கண்டதால் நீ ஊருக்குக் கிளம்பினாய். மறுநாள் காலை, மழை விட்டதும் வரப்பெங்கும் வெள்ளைக் காளான் பூத்திருந்தது. கூடை நிறையப் பறித்துவந்தேன். இரண்டை உறைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கோவிந்தன் மனைவி ராமக்காளிடம் கொடுத்தேன்.

அவள் ஒன்றை ஒடித்து மோந்து பார்த்தாள். "இது நாங்க தின்கிற புத்துக்காளான் இல்லீங்க சார். அந்த வாசமே வரலீங்க" என்றாள்.

நான் சிரித்தேன் அருள். "நான் இதைத்தான் படிக்கிறேன், தைரியமா செய்யுங்க" என்றேன். தாளில் தூள் இறங்கும் முன்பே சீட்டையும் எழுதிவிட்டேன். ஊரார் உண்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இவர்கள் சாப்பிடப் போகிறார்களே, அதுதான் என் ஆதாரம்.

தபால் ஆபீசுக்கு என்று நான் அரூர் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பும்போது வாசலில் கூட்டம். வீடு முழுக்க வாந்தி. பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் மகள் செல்விக்கு நாலு வயது. பஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

தாளைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை.

கோவிந்தனின் அம்மா எல்லோர் முன்னாலும் ராமக்காளைத்தான் திட்டினாள், நல்ல காளான் எது, கெட்டது எது என்று தெரியாத மூளி என்று. ராமக்காள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்றுதான் பார்த்திருப்பாள். நான் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். 'சார்தான் கொடுத்தார்' என்று அவள் சொன்னபோது, படித்தவர் மேல் பழி போடுகிறாள் என்றார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மழை அதிகம், இடம் மாற்றிவிட்டேன் என்று உனக்கு எழுதினேன்.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பாலக்கோடு தக்காளி மண்டியில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். காவேரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

சீட்டைத் திருத்தினால் ஏன் என்று நீ கேட்பாய். அதனால் திருத்தவில்லை. தாளைக் கிழித்துப் போடவும் கை வரவில்லை.

முனிராஜ்


சென்னை,
21-3-1988

முனிராஜ்,

உன் கடிதத்தை மிக்கேலம்மாளிடம் காட்டவில்லை. என்ன என்று கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினேன்.

உன்மேல் கோபப்பட்டுவிட்டுப் போக எனக்கு வழியில்லை. சீட்டின் அடியில் 'சரிபார்த்தது' என்று என் கையெழுத்து இருக்கிறது. உறையைப் பிரிக்காமலே போட்டது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் கட்டுரை எழுதினோம். அந்தக் கட்டுரையால்தான் எனக்கு இந்த வேலை. அந்தக் குடும்பம் நமக்கு ஒரு வாரம் சோறு போட்டது. பிறகு ஒருநாளும் நான் அவர்களை விசாரிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் குறிப்புக்கு அறுபது எழுத்துதான் இடம். 'நச்சு. ஒரு குழந்தை இறந்தது. முன் குறிப்பு தவறு' என்று ஆங்கிலத்தில் சுருக்கி ஏற்றிவிட்டேன். துறைத் தலைவருக்கு இரண்டு பேர் பெயரும் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். என்ன வந்தாலும் வரட்டும். மற்ற உறைகளையும் பிரித்துப் பார்க்கிறேன்.

இது ஆபீஸ் காகிதத்துக்கு. ராமக்காளுக்கு நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

அருள்நாதன்


அரூர்,
11-4-1988

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போனேன். காவேரியிடம் முதல்நாளே எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ராமக்காளுக்கு என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மண்டியில் கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே சொன்னேன். அவள் கை பழத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில், "எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

நேற்று இருவரும் போனோம். பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். கோவிந்தன் வேறு கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அவனையும் அம்மாவையும், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வாசலில் நின்று சொன்னேன். இது வேண்டாம் என்று ராமக்காள் சொன்னதை, நான் சிரித்ததை, தாளில் பார்த்ததை, எல்லாவற்றையும். கோவிந்தன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிழவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராமக்காள் கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லவில்லை. "கேட்டுக்கிட்டீங்க இல்ல" என்றாள் பொதுவாக. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தாள்.

நானும் பின்னாலேயே நடந்தேன். பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"நீங்க கூட வராதீங்க சார். நான் தனியா போய்க்கிறேன்."

அவள் ஏறிய பஸ் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

முனிராஜ்